தொண்ணூற்றொன்று

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மண்ணை நிறுப்போம்.
இந்தத் தராசு காற்றுக்கும் தலையாட்டும்.
காட்பாடியில் கத்திரி வெயில்.
என் புருவத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தால்
ஈரப்பதக் கணக்கு பொய்யாகிவிடும்.
தள்ளி நின்று கையை மட்டும் நீட்டுகிறேன்.

கீழ்நாவல்பட்டு ஏரிக்கரைக்கு வந்த மண்.
கரும்பழுப்பு. நத்தையோட்டுத் துணுக்குகள்,
ஒரு நீல வளையல் துண்டு.
சல்லடை அதைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது.
பதிவேட்டில் வளையலுக்குக் கட்டம் இல்லை.

மூன்று அடுக்கு, அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
குத்துகிறவர் எபினேசர் அண்ணன்.
பதினேழாவது குத்தில் அவருக்குப் போன் வரும்;
எண்ணிக்கையை நான் பிடித்துக்கொள்வேன்.

பெட்டி சின்னது. ஆறு சென்டிமீட்டர் சதுரம்,
இடுப்பில் இரண்டாய்ப் பிரிவது.
தலையில் சுமை ஏற்றி
ஒரு பாதியை மட்டும் பக்கவாட்டில் தள்ள வேண்டும்,
நத்தைக்கே அலுக்கும் வேகத்தில்.
மண் மறுக்கிற மறுப்பெல்லாம்
இரும்பு வளையம் வழியே முள்ளுக்கு வரும்.
நாற்பது. அறுபது. எண்பத்தெட்டு.
தொண்ணூற்றொன்றில் நின்று
பொசுக்கென்று விழுந்தது.

"இன்னா மேடம், எவ்ளோ வந்துச்சி?"
காண்டிராக்டர் கஜபதி. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.
சொன்னேன்.
"பாத்தீங்களா! அதிகம் தண்ணி காட்டாமயே.
லாரித் தண்ணி இன்னா வெல விக்கிது தெரியுமா?
காஞ்சாப்ல குத்துனாதான் கல்லு மாதிரி கீது."

பொய்யில்லை.
ஈரம் கூட்டிக் குத்திய இன்னொரு கட்டி
அறுபத்துநாலிலேயே இளகிவிட்டது.
உடையவில்லை. நகர்ந்தது,
இன்னும் கொஞ்சம் நகர்ந்தது,
முள் இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது.
தாளில் எழுதினால் தோற்றது அதுதான்.

கஜபதி கெட்டவர் இல்லை.
அண்ணன் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
ரத்தம் கொடுக்க நாலு பேரை
வேலையை நிறுத்தி ஏற்றி வந்தவர்.
அவருக்கு பில் பாஸாக வேண்டும்.
ஆனால் ஏரிக்கரை
மே மாதத்தில் நிற்கவேண்டிய பொருளா?

இரண்டையும் மறுபடி செய்து,
சுமையோடு தண்ணீருக்குள் இறக்கினேன்.
காய்ந்தது குமிழி விட்டது,
உறிஞ்சியது, விட்டது, உறிஞ்சியது.
நாலு நாள்.
தினமும் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்கையில்
கீழே மணலும் கருவேலமும் பார்த்தபடி
அந்தக் குமிழிகளையே எண்ணினேன்.

ஐந்தாம் நாள்
ஈரமாய்க் குத்தியது: ஐம்பத்தொன்று.
காய்ந்தது: இருபத்துமூன்று.
அண்ணன் முள்ளைத் தட்டிப் பார்த்தார்.
இருபத்துமூன்றுதான்.
வலிமை என்று நான் எழுதியதில்
முக்கால்வாசி தாகம்.

மூன்று சுமைக்கு மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தால்,
சுமையே இல்லாத இடத்திலும்
நல்ல களிமண்ணின் கோடு தரையைத் தொடாது.
யாரும் அழுத்தாதபோதும்
தன்னைத்தானே பிடித்துக்கொள்கிற மிச்சம் அது.
ஊறிய பிறகு
ஒன்றுக்கு இருந்தது அந்த மிச்சம்.
மற்றதன் கோட்டுக்கடியில்
என் பென்சில் முனை நுழையவில்லை.

"மொத ரிசல்ட்ட மட்டும் டைப் அடிங்க மேடம்."
நான் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.
வெட்டுப்பட்ட முகம் மீன்வயிறு போல் மினுங்கியது.
கட்டைவிரலை வைத்தார்.
நகம் முழுசும் உள்ளே போனது.
எடுத்துப் பார்த்தார், லுங்கியில் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.

வெளியே போய் யாருக்கோ போன் போட்டார்.
லாரிக்கா, எனக்கு மேலே இருப்பவருக்கா?
எபினேசர் அண்ணன் அதற்குள்
மின்விசிறியைப் போட்டுவிட்டார்.
நான் இரண்டு எண்ணையும் அடித்தேன்,
ஒரே பக்கத்தில்,
ஒரே அளவு எழுத்தில்.