ஆறு புள்ளி ஒன்று

டாக்டர் வலாதிம் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
கையிலிருந்த தாளுக்கு உரிய ஆள்
இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல.

நான்தான் என்றேன்.
வயது இருபத்தாறு. எடை ஐம்பத்தெட்டு.
அன்று விடியலில்கூடப் பதினான்கு கிலோமீட்டர்
துடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.
தலைமுடி காயவில்லை.

ஆறு புள்ளி ஒன்று.
நோய் என்று சொல்ல முடியாது என்றார்.
இல்லை என்றும் சொல்ல முடியாது.
எல்லைக்கோட்டில் நிற்கிறாய்.

அவெய்ரோவில் பிறந்தவளிடம்
எல்லைக்கோடு பற்றிப் பேசினால் எப்படி?
எங்கள் ஆறு எங்கே முடிகிறது,
கடல் எங்கே தொடங்குகிறது என்று
எந்த மீனுக்கும் தெரியாது.
காலையில் வாய்க்காலுக்கு ஒரு ருசி,
ஓதம் ஏறியபின் இன்னொரு ருசி.
உப்பளம் ஒரு பக்கம்.
மறுபக்கம் ரயிலடியில்
முட்டைக்கருவும் சர்க்கரையும் காய்ச்சி
சிப்பி வடிவத்தில் அடைத்து விற்கும் கடைகள்.
அங்கே பிறந்து
அளவோடு இரு என்றால்.

அப்பாவிடம் சொன்னேன்.
மேஜையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து
சலவை இயந்திரத்துக்கு மேல் ஒளித்தார்.
தானும் கசப்பாகக் குடித்தார்.
ஒவ்வொரு மிடறுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டே
நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.
மூன்றாம் நாள் கத்திவிட்டேன்,
அதைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்,
நான் செத்துப்போகவில்லை.

படகில் யாரிடமும் சொல்லவில்லை.
கரையோரக் கடையில் ஹொனோராத்தோ
வழக்கம்போலக் காப்பியோடு
இரண்டு சர்க்கரைப் பொட்டலம் வைப்பார்.
வேண்டாம் என்று ஒரு சொல்.
அது வாயில் வரவில்லை.
ஏன் என்று கேட்பாரே.
எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு,
வெள்ளிக்குள் பத்து.

சனிக்கிழமை வடமேற்குக் காற்று.
அலை படகுக்குள் ஏறி எல்லோரையும் நனைத்தது.
சட்டையைக் கழற்றிப் படகுக்கூடத்து ஆணியில்
மாட்டிவிட்டுப் போனேன்.
ஞாயிறு காலை துல்ஸேதான் முதலில் பார்த்தாள்
(அவள் பெயருக்கே இனிப்பு என்று பொருள்):
தரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து ஆணி,
ஆணியிலிருந்து என் பைவரைக்கும்
ஒரு கறுப்புக் கோடு.

எறும்புகள்.
என்னடி இது, உன்மேல் மொய்க்கிறது என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எட்டுப் பேருக்கு நடுவில்
ஈரக் காகிதக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு
எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒருத்தி, நீ இவ்வளவு ஒல்லியாச்சே என்றாள்.
ஒருத்தி, லவங்கப்பட்டை என்றாள்.
துல்ஸே மட்டும்
விஸேவுப் போட்டிக்கு வருவாய்தானே என்று கேட்டாள்.
கோபம் வந்தது.
அதோடு, இரண்டு வாரத்தில் முதல்முறையாக,
பசியும் வந்தது.

இப்போது வாரத்துக்கு இருமுறை
விரலைக் குத்திப் பார்க்கிறேன்.
ஊசி இறங்குவதில்லை.
ஒன்பது வருடத் துடுப்பு
உள்ளங்கையில் தொடங்கி விரல்நுனிவரை
தோலை மரக்கட்டையாக்கி வைத்திருக்கிறது.
இரும்பு உடம்பு என்பார்களே, அதுதான்,
ஒரு சொட்டு உண்மையைத் தர மறுக்கிறது.
சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும்
ஒரு மென்மையான இடம் மிச்சம்.
அங்கே குத்துகிறேன்.
சில நாள் தொண்ணூற்றெட்டு.
சில நாள், எல்லாம் சரியாகச் செய்தும், நூற்றுப் பதினைந்து.
ஏன் என்று அதற்கும் தெரியாது.

வெறும் வயிற்றில் படகேறக் கூடாதாம்.
ஜெல்லுக்குப் பதிலாக அவித்த கொண்டைக்கடலை.
ஆடுகிற படகில் அதை மெல்ல ஒரு திறமை வேண்டும்.

துடுப்புப் போடுகிறவர்களுக்கு
போகிற இடம் முதுகுக்குப் பின்னால்.
கண்ணெதிரே இருப்பதெல்லாம் கடந்த தண்ணீர்தான்.
அந்தத் தாளும் அப்படித்தான்,
முடிந்துபோன மூன்று மாதத்தைத்தான் காட்டுமாம்.
அடுத்த தாள் அக்டோபரில்.
அதுவரை நடுநடுவே
கழுத்தைத் திருப்பி ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.
மணல்திட்டு இருக்கிறது.
இன்னும் தூரத்தில்தான்.
அல்லது பனியில்
எனக்கு அப்படித் தெரிகிறது.