மொழிமுதல் வராத எழுத்து

"டச்சுக் காசு" என்றார் மஹ்ரூப் நானா.
கோட்டை ஸ்டேஷன் வாசலில் விரித்த ரெக்சீன் துண்டில்
துருப்பிடித்த பூட்டுகள், காதில்லாத மூக்குக்கண்ணாடி,
ரிமோட்டுகள், ஒரு தட்டம் நிறையச் செல்லாக்காசு.
நானூறு சொன்னார். முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார்.
டச்சுக்காரன் இவ்வளவு தடிப்பாக அடிப்பதில்லையென்று
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நான் பல் கட்டுகிறவள்.
வெள்ளவத்தையில், டொக்டர் ரஞ்சிதகுமாரின் கிளினிக்குக்குப் பின்னால்
ஒரு சாந்து மேசையும் குழாய் விளக்கும் என் இடம்.
வெறும் ஈறுகளின் அச்சு வரும்.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த ஆள் எப்படிச் சிரித்திருப்பார் என்று ஊகிப்பதற்குச்
சம்பளம்.

எல்லாரும் போன பிறகு
காசை மெழுகில் நட்டு
போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்தேன்.
நேரே விழும் ஒளிக்கு மேடு பள்ளம் தெரியாது.

ஒரு பக்கம் தலை. மூக்குத் தேய்ந்துவிட்டது.
கண்ணிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு.
நாடியில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்: தாடி.
மேல்நோக்கிப் பிடித்துத் திருப்பினால்
மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்கிறது:
ஒரு பறவை.
கழுத்தை வளைத்து யாருடைய சோற்றுப் பார்சலையோ பார்க்கிறது.
என் கொழும்புக் கண்ணுக்கு அது காகம்.

அதன் இடப்பக்கம், சந்தேகமே இல்லாமல்,
ட.

இரண்டு நாள் நான்
ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தமிழ்க் காசு வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து இலக்கணம் குறுக்கே வந்தது:
ட மொழிக்கு முதலில் வராது.
வராதென்று எழுதிவைத்த பிறகுதான்
டச்சுக்காரன் வந்தான், டொக்டர் வந்தார், டியூட்டி வந்தது.
அதைவிட,
அந்தக் காலத்து ட
பிறைபோல் வளைந்திருக்கும். இந்த மூலை அதற்கில்லை.

"தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய், பளிச்சென்று வரும்"
என்றாள் நிரஞ்சலா.
பளிச்சென்று வரும்,
எழுத்தில்லாமல்.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைத் தராசு
பன்னிரண்டு தசம் நாலு கிராம் என்றது.
கல்லில் உரசிப் பார்க்கக் கேட்டார்கள்.
காசை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில்
நாலாவது தடித்த புத்தகத்தில், நூறு காசுகளுக்கு நடுவில்
என் காகம் கழுகாக நின்றது.
ஊர் அலெக்சாந்திரியா. ஆட்சி உரோமருடையது. எழுத்துக் கிரேக்கம்.
இடப்பக்க ட எழுத்தே அல்ல, ஒரு குறி:
எகிப்தில் அதற்கு 'ஆண்டு' என்று பொருள்.
கழுகின் வலப்பக்கம் நான் கீறல் என்று விட்டிருந்தேனே,
அதுதான் எழுத்து.
பேரை வாவித் தண்ணீரில் ஒரு ட-வின் நிழல் விழுந்தால்
எப்படி இருக்குமோ, அப்படி. அதன் பெறுமதி
மூன்று.

மூன்றாம் ஆண்டு.
யாருடைய?

விளிம்பைச் சுற்றிப் பெயரை வெட்டியிருக்கிறார்கள், அச்சில்.
அடித்த கை கொஞ்சம் நழுவியிருக்கிறது.
பெயரில் பாதி உலோகத்துக்கு வெளியே,
காற்றில் அடிபட்டது.
காலம் தின்றதென்று இத்தனை நாளும் காலத்தைத் திட்டினேன்.
அதன் கையில் அந்தப் பெயர் கிடைக்கவே இல்லை.

தாடி வைத்து மூன்றாம் ஆண்டைக் கண்ட அரசர்கள்
பட்டியலில் நிறையப் பேர்.
ஒவ்வொரு நாடியாய் ஒப்பிட்டேன்.
கீழ்த்தாடை சற்று முன்தள்ளியவர், கடைவாயில் பல் குறைந்தவர்
என்பது என் கணிப்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லை.
இருவர் மிஞ்சினார்கள். அதற்குமேல் போகவில்லை.

பல்செட் கொடுக்கும் நீல மூடிப் பெட்டியில் வைத்து
நோயாளி பெயர் ஒட்டும் இடத்தில் எழுதினேன்:
பெயர் பிறகு.
ஆண்டு மூன்று.
காகமல்ல.

சனிக்கிழமை நானாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.
எகிப்து என்றேன். ஆயிரத்து எண்ணூறு வருஷமாவது இருக்கும் என்றேன்.
இன்னும் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.
தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
"அப்ப மிச்சமெல்லாம்?" என்றார்.

பஸ் சத்தத்துக்குள்
இருவரும் குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம்.
வெயில் ஏறி, அவருக்குத் தேத்தண்ணீர் வந்து, ஆறியும் போயிற்று.

மிச்சமெல்லாம் டச்சு.