சுணை

என் வலது கையில் மூன்று விரல்கள்
வேலையை விட்டு நின்றுவிட்டன.
மீதி இரண்டும் நானும் இன்னும்
ஜெகதேவி ரோட்டுக் கிரானைட் கம்பெனியில்தான்.

பத்தொன்பது வருடம் பாலிஷ் மிஷின் பிடித்த கை.
சுவிட்சை அணைத்த பிறகும்
உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும்,
பஸ்ஸில், தூக்கத்தில், சட்டைப் பொத்தான் போடும்போது.
ஒருநாள் ஓய்ந்தது.
விட்டது சனி என்று நினைத்தேன்.

மறுநாள் ராத்திரி களி.
ஆவி பறக்கும் உருண்டையை
நான் பாட்டுக்குப் பிட்டுக்கொண்டிருக்க
அசுவத்தம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.
விரல் நுனி கொப்பளித்திருந்தது.
அவள் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
கண்ணை மூடச் சொன்னார் டாக்டர்.
குத்தினேனா?
குத்தினீங்க சார்.
இன்னும் ஊசியையே எடுக்கலையேப்பா.
முப்பது நாளைக்குச் சிவப்பு மாத்திரை.
மிஷினைத் தொடக் கூடாது.

முதலாளியிடம் வேறு வேலை கேட்டேன்.
போன மாதமும் கேட்டிருந்தேன்.
"கேட்டதையே கேட்கிறியே,
சுணையே இல்லையாடா உனக்கு?"

இல்லை என்றுதான்
டாக்டரும் சொல்கிறார்.

கழிவுக் கல் கொட்டும் மேட்டில்
ஒன்றுக்குப் போன இடத்தில் பார்த்தேன் செந்தட்டியை.
எங்கள் வீட்டுத் தெலுங்கில் தூலகொண்டி.
மண் என்று சொல்ல
இடுக்கில் ஒரு பிடி கல்மாவு, அவ்வளவுதான்.
அதில் வேர் விட்டு
இலையோரம் எல்லாம் பல்லாக நின்றது.
ஆடு மோந்து பார்த்துவிட்டு
மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று.

சின்னவனுக்கு இருமல் கட்டினால்
அசுவத்தம்மா தேடுவது இதன் வேரைத்தான்.
கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பிடுங்குவாள்.
கொதிநீரில் போட்டால் சுணை செத்துவிடும்,
பருப்போடு கடைந்தால் இதுவும் கீரைதான் என்பாள்.
வாச்மேன் தில்பகதூர் ஊரில்
இதன் சொந்தக்காரன் ஒருவன் ஆள் உயரமாம்.
முட்டி மரத்தவர்கள் அதைப் பிடுங்கி
காலில் அடித்துக்கொள்வார்களாம்.
அடித்தால்?
எரியும்.
எரிந்தால்?
அதற்குமேல் அவன் சொன்னது இந்தி.

சங்கு ஊத ஐந்து நிமிடம் இருந்தது.
சாக்கு இல்லாமல்
வெறும் வலது கையால் கொத்தாகப் பிடித்தேன்.

சுண்டுவிரல். ஒன்றுமில்லை.
மோதிர விரல். ஒன்றுமில்லை.
நடுவிரலும் இல்லை என்று
செடியை விடப் போகையில்
பர்கூர் டவுன் பஸ் மாதிரி
நேரம் தப்பி, ஆடி அசைந்து,
புகையோடு வந்து சேர்ந்தது எரிச்சல்.

"எரியுது!"
கட்டிங் செக்‌ஷன் முழுக்க ஓடி வந்தது.
சுண்ணாம்பு தடவு என்றான் ஒருவன்.
தேங்காயெண்ணெய் என்றான் முனிவெங்கடன்.
சாணி, என்றது ஒரு குரல்,
அதை யாரும் லட்சியம் செய்யவில்லை.
எவனாவது கிட்டே வந்தீங்க, என்றேன்.
தடித்துச் சிவந்த அந்த ஒற்றை விரலை
தீக்குச்சியைக் காற்றுக்கு மறைப்பதுபோல்
இடது கையால் மறைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டும் திரும்பவில்லை.
திரும்புமா என்று செடிக்கும் தெரியாது.

சங்கு ஊதிற்று.
மிஷினுக்குப் போகவில்லை.
முதலாளி அறைக் கதவை
வளைத்த நடுவிரலால் தட்டினேன்.
உள்ளே ஏசி ஓடுகிறது போல.

கதவு
சில்லென்று இருந்தது.