அனுபவ பாத்தியதை

அப்பா தொண்ணூற்று நாலில் போனார்.
எனக்கு அறுபத்தெட்டு.
கொள்ளிக்குடம் தோளில் ஏறியபோது
பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்,
"மூட்டு தாங்குமாண்ணே?"

பதினேழாம் நாள்
செவ்வாய்ப்பேட்டை வீட்டுச் சாவி கைக்கு வந்தது.
கீழே கொலுசுப் பட்டறை, மேலே இரண்டு அறை,
மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி.
மின்கட்டண அட்டையில் இன்னும் அவர் பெயர்.

இந்தத் தெருவில் தூசிக்கும் விலை உண்டு.
பட்டறை பெருக்கிய குப்பையை மூட்டை கட்டி
உருக்கக் கொடுத்து
அதிலும் நாலு கிராம் எடுப்பார்கள்.
அப்பா அதிலும் பங்கு கேட்டவர்.
"தரை என்னுது, மாதேசா."

மாதம் அஞ்சாம் தேதி வாடகை.
எச்சில் தொட்டு மூன்று முறை எண்ணுவார்.
இருபத்தொன்பதில் கேட்டேன்,
மோட்டார் காயில் கட்டும் கடை போட
பதினெட்டாயிரம்.
"என் காலத்துக்கப்புறம் எல்லாம் உனக்குத்தானே?"
அவர் காலம் இவ்வளவு நீளமென்று
அவருக்கும் தெரிந்திருக்காது.
நான் இரும்பாலை பஸ் ஏறினேன்.

நாற்பத்தெட்டில் கேட்டேன்,
தேன்மொழியின் காலேஜுக்கு
வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா என்று.
"பத்திரம் பீரோவை விட்டு வெளிய போச்சுன்னா
வீட்டுக்குக் கால் முளைச்சிரும்."
கோமளாவின் ஏழு பவுன் பேங்குக்குப் போனது.
நாலு திரும்பி வந்தது.

ஐம்பத்தேழில் கேட்கவில்லை.

இப்போது கேட்க ஒன்றுமில்லாத வயதில்
கேட்டதெல்லாம் மொத்தமாக வந்திருக்கிறது.
மாடிக்குப் பதினாறு படி.
நாலாவதில் நின்று
உரிமையாளனாக மூச்சு வாங்குகிறேன்.

ஆத்தூரிலிருந்து தங்கை வந்தாள்.
ஒரு பட்டுப்புடவை, இரண்டு லட்சம்,
விடுதலைப் பத்திரம்.
கண்ணாடி போடாமல் கையெழுத்திட்டாள்.
"படிச்சா கை வராதுண்ணா" என்றாள்.
புடவையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

தேன்மொழி அஸ்தம்பட்டியில் வாடகைக்கு.
முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள்,
பதினோராயிரம் வாடகை,
பிள்ளைகள் ஃபீஸுக்கு ஒரு சீட்டு,
சீட்டுக்கு ஒரு கடன்.
என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
கேட்காமலிருக்க அவள் எங்கே பழகினாள் என்பது
எனக்குத் தெரியும்.

அதனால்தான் முடிவெடுத்தேன்:
இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது.
கோமளா இரண்டு முறை கேட்டாள், நிஜமாகவா என்று.
இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.
இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
பத்திரம் எழுதும் அர்த்தநாரி
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
"இன்னிக்கே சர்வ சுதந்திரமா குடுக்கறீங்களா,
இல்ல உங்க ஆயுள்வரை
அனுபவ பாத்தியதைன்னு ஒரு வரி சேர்க்கட்டா?
எல்லாரும் சேர்க்கறாங்க."

தேன்மொழி ஆதார் நகல் எடுக்க
வரிசையில் நின்றிருந்தாள்.

போன அஞ்சாம் தேதி
மாதேசனின் மகன் வாடகை கொண்டுவந்தான்.
கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன்.
சரியாக இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
விரல் தானாக நாக்குக்குப் போனது.

"சேருங்க" என்றேன்.
விசைப்பலகை மழைபோல் சடசடத்தது.

அவள் வந்து முழுவதும் படித்தாள்.
மூன்றாம் பக்கத்தில் விரல் ஒரு நொடி நின்றது.
பின்பு நகர்ந்தது.
"ஒரு தப்பு இருக்கு" என்றாள்.
எனக்கு வாய் உலர்ந்தது.
"தேன்மொலின்னு அடிச்சிருக்கீங்க. மொழி."
அர்த்தநாரி திருத்தினார்.

படியிறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
"சுகர் பார்த்தீங்களேப்பா, எவ்வளவு?"
"நார்மல்."
"பிரஷர்?"
"அதுவும்தான்."

"நல்லது" என்றாள், மனதார.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆட்டோவுக்கு அவள் கொடுத்தாள்.