இரண்டுக்கு ஒன்று

பகாவில் கடல் கிடையாது.
செம்பனை முடிகிற இடத்தில் செம்பனை தொடங்கும்.
நடுவில் ஒரு பெட்ரோல் நிலையம்,
ஒரு கோழிச்சோற்றுக் கடை,
அப்புறம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தாமான்.

கார் நிறுத்தும் இடம்தான் என் கடற்கரை.
கித்தா மரப் பலகை, இரண்டடிக்கு ஒன்றரை.
தீம்பாரில் பழைய மரங்களைத் தள்ளியபோது
ஃபேக்டரிக்குப் போனதில் ஒரு துண்டு.
நூற்றிருபதாம் நம்பர் தாளில் தேய்த்து
முந்நூற்றிருபதில் வழவழப்பாக்கினேன்.
தூளில் இன்னும் பால் வாசம் அடித்தது
என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. வெறும் மரத்தூள்.
தும்மல் வந்தது.

பல் டாக்டர் லிம் கேட்டது மாலத்தீவு.
படம் அனுப்பியிருந்தார்:
கண் கூசும் நீலம், சீனி மாதிரி மணல்,
விளிம்பில் பின்னல் பின்னலாய் நுரை.
முந்நூற்றைம்பது ரிங்கிட், பாதி முன்பணம்,
இம்மி பிசகக் கூடாது.

நான் பார்க்கிற கடல் வேறு.
கிள்ளான் துறைமுகம், எண்ணெய் இறக்கும் வரிசை.
டேங்கர் லோரியில் நாலு மணி நேரம் காத்திருந்தால்
ஒன்பதாம் தொட்டிக்கும் பத்தாம் தொட்டிக்கும் இடையே
ஒரு முழ அகலத்தில் தெரியும்,
ஆறிப்போன தே தாரிக் நிறத்தில்.
அதற்கு யாரும் முன்பணம் தருவதில்லை.

சனிக்கிழமை இரவு.
ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒன்று.
தராசில் கொஞ்சம் பிசகினாலும்
காயாது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே கிடக்கும்,
கடன் வாங்கின சொந்தக்காரன் பேச்சு மாதிரி.
வேகமாய்க் கலக்கினால் குமிழி.
கைக்குழந்தைக்கு மருந்து கரைக்கிற நிதானத்தில்
கோப்பையின் சுவரை வழித்து வழித்து
மூன்று நிமிடம்.

ஆழத்துக்குக் கருநீலம்.
அடுத்து மயில்கழுத்து.
கரையோரம் நிறமே இல்லாத தெளிவு,
அதன் அடியில் மரத்தின் ரேகை தெரியும்படி.
மணலுக்குப் பழுப்பு.
கடைசியாக வெள்ளை, கயிற்றுத் தடிமனில் ஒரே கோடு.
இனி சூடான காற்றைக் காட்டி
அந்த வெள்ளையைக் கரைக்கு விரட்ட வேண்டும்.

அப்போதுதான் இடித்தது.
கரண்டு போனது.

ஹீட் கன் ஒரு முனகலோடு அடங்கியது.
கையிலிருந்த நாற்பது நிமிடத்தில் பதினெட்டு போயாச்சு.
அலை நடுவழியில் நிற்கிறது.
"தவமலர்!"
வந்தாள். முகக்கவசம், கையில் கைபேசி விளக்கு.
"நாத்தம் புடிச்ச கடல்" என்றாள்,
இதைச் சொல்ல ஒரு மாதமாய்க் காத்திருந்தவள் போல.
அப்புறம் கதவுக் கம்பியில் தொங்கிய
தே ஐஸ் பொட்டலத்திலிருந்து குழாயை உருவி
கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.
"ஊது. இழுத்துறாத."

ஊதினேன்.
வெள்ளை முதலில் முரண்டு பிடித்தது.
பிறகு ஓரமாய் நெகிழ்ந்து
மீன் கடித்த வலை மாதிரி
ஓட்டை ஓட்டையாய் விரிந்தது.
விளக்கை அவள் நகர்த்தும் பக்கமெல்லாம்
அலை ஏறியது.
தகரத்தில் மழை; இரண்டு தலைகள்
முட்டிக்கொள்ளாமல் குனிந்திருந்தன.
மூச்சு தீர்ந்த ஓர் இடத்தில் இருமினேன்.
அந்த இருமல் மட்டும்
கரையைத் தாண்டி ஓடிப்போய்
மரத்தின் கணு ஒன்றைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது.

கரண்டு வந்ததும் பெட்டியால் மூடினேன்.
இரண்டு பேருக்கும் தலைசுற்றல்.

புதன்கிழமை லிம் விரல் வைத்தது
சரியாக அந்தக் கணுவில்.
இது எப்படிச் செய்தாய் என்று கேட்டார்.
சூடான காற்று என்றேன்.
மீதிப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ராத்திரி மிஞ்சியதையெல்லாம்
ஒரே கோப்பையில் ஊற்றி வைத்திருந்தேன்:
நீலம், வெள்ளை, மணலின் பழுப்பு.
கோப்பை கை வைக்க முடியாமல் சுட்டது.
இறுகுவதற்குள் விரலகலச் சீவல் ஒன்றில் கவிழ்த்தேன்.
யாரும் கேட்காத நிறம்.
இப்போது லோரியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடக்கிறது.

நேற்று வரிசை நகரவே இல்லை.
அதை எடுத்து
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
ஒற்றைக் கண் மூடிப் பிடித்துப் பார்த்தேன்.

கொஞ்சம் பச்சை அதிகம்.