ஏழாம் வீட்டுப் பக்கம்

மார்ச் கடைசி வெயில்.
ஆடிட்டர் மாடியேறிய மூச்சு அடங்குமுன்
கேட்டுவிட்டார் கோதண்டராமன்:
"ரசீதெல்லாம் கொண்டாந்தீங்களாங்கம்மா?"

பனியன் கம்பெனிப் பாலித்தீன் பையில் இருந்தன.
சொத்துவரி இரண்டு அரையாண்டு,
குப்பை வரி, தண்ணீர் வரி,
மூன்றாம் வீட்டுக்குத் தகரம் மாற்றிய கூலி,
செப்டிக் டேங்க் லாரிக்காரன்
சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்த
ஆயிரத்து எண்ணூறு.

"அட்டையெல்லாம் செல்லாதுங்க."
"நாத்தம் மட்டும் செல்லுமாங்க?"
சிரிக்கவில்லை அவர்.
"வாடகைல சொத்துவரியக் கழிச்சுட்டு
மிச்சத்துல நூத்துக்கு முப்பது
கவர்மெண்டே தள்ளிக் குடுத்துருமுங்க.
நீங்க ரிப்பேர் பண்ணுனாலும் சரி,
பண்ணாட்டியும் சரி."

பண்ணாட்டியும் சரி.
சாயப்பட்டறை மூடிய வருஷம்
மிச்சக் காசும் பேங்குக் கடனுமாய்
பாண்டியன் நகரில் கட்டிய லைன் வீடு.
எட்டுக் குடித்தனம், இரண்டு கக்கூஸ்.
ஒன்றின் கதவு
பொங்கலிலிருந்து கயிற்றில் நிற்கிறது.
உள்ளே போகும் பெண்பிள்ளைகள்
ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
கேட்காமலே தள்ளிக்கொடுக்கும் முப்பதில்
ஒரு தாழ்ப்பாள் எத்தனை பைசா?

கேட்கவில்லை. அதற்குள் அவர்
நோட்டில் ஏழாம் வீட்டுக்கு வந்திருந்தார்.

ஒரிசாக்காரப் பையன். செக்கிங் வேலை.
முதல் வருஷம் பீதாம்பர் என்று எழுதியிருக்கிறேன்,
மறு வருஷம் பித்தாம்பரம்.
ஊருக்குப் போனவன் போனவன்தான்.
போன் எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லை.
இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் திறந்தால்
ஒரு ஸ்டவ், கொடியில் ஒரு துண்டு.
அட்வான்ஸ் பதினைந்தாயிரம்.
வாடகை ஏழாயிரம் போக,
கரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு போக,
ஏழாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு.
பூட்டு உடைத்த நூறைக் கழிக்கவில்லை.
பூட்டு அவனுடையது.

"மூணு வருஷம் ஆச்சுங்க. இனி வரமாட்டாப்ல.
வருமானத்துல காட்டி முடிச்சுரலாம்."
"அட்வான்ஸ் வருமானமில்ல, கடன்னு
நீங்கதானுங்க சொன்னீங்க?"
"கேக்கறதுக்கு ஆளிருந்தாத்தானுங்க கடன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஆனால் அக்டோபரில்
ஆர்டர் இல்லாமல் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது.
காலி வீட்டுக்கு வாடகை கிடையாது;
வரிக்கு மட்டும் அது காலியாகத் தெரியாது.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் கட்டினால்
நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி என்று
மாநகராட்சி ஆட்டோ தெருத்தெருவாய்க் கத்த,
பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
அவன் காசில் ஐயாயிரம் எடுத்தேன்.
எடுத்தேன் என்று எழுதியும் வைத்தேன்:
'ஏழாம் வீட்டிடம் கைமாற்று.'
தை பிறந்ததும் திருப்பி வைத்தேன்.
தள்ளுபடி கிடைத்த நானூற்று எழுபது
யாருடையது என்று
இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது.
பாதி அவனுக்கு.

"இதென்னுங்க இருநூத்தி முப்பத்தஞ்சு?"
"வட்டிங்க."
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
"டிடிஎஸ் பிடிச்சீங்களா?"
பதினோரு வருஷத்தில்
அந்த மனுஷன் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.
கட்ட வேண்டிய வரியைச் சொல்லும்போது
சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இறங்கி, ஹார்டுவேர் கடையில்
எட்டு இஞ்சுத் தாழ்ப்பாள் ஒன்று.
"பில் போடட்டுங்களா?"
"வேண்டாம். அது செல்லாது."
திருகாணி எட்டு வேண்டும்,
ஆறுதான் போட்டிருக்கிறான்.
வீட்டுக்கு வந்துதான் எண்ணினேன்.

பொழுதோட புது நோட்டுப் பிரித்துக் கோடு போட்டேன்.
ஏழாம் வீட்டில் இப்போது
தேனிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி.
அவர்களுக்கு ஒரு பக்கம்.
அதற்கு எதிர்ப்பக்கம்,
போன வருஷ பாக்கி எட்டாயிரத்து இருபத்து மூன்று,
தர வேண்டியது.
பேர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.
பிடாம்பர் என்று
இந்த முறை 'டா' போட்டுப் பார்த்தேன்.
எதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானோ.