நாலு மீட்டர்

மெகா பிளாக் ஞாயிறு.
ஜிடிபி நகரில் நாற்பது நிமிடம் நின்று
ஒருவழியாய் வந்த ரயிலில் ஏறி
இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினோம்.
"இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றார் பேச்சிமுத்து.
வந்திருக்க மாட்டார்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
என்னோடு அவர் நடந்ததெல்லாம்
இந்த விளையாட்டு வந்த பிறகுதான்.

யாரோ ஒருவர் எதையோ ஒளித்துவைத்து
அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும்
ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.
தேடிப் போய் எடுத்து
உள்ளிருக்கும் தாளில் பேர் எழுதி
எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.
"வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா?"
நாத்தனார் போனில் கேட்டாள்.
கூடாது.
"அப்புறம் எதுக்கு?"
இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தேன்,
பதில் சொல்லவில்லை.

சிவ்ரி கோட்டை ஏற்றத்தில்
ஃபர்ஹானாவுக்கு மூச்சு வாங்கியது.
கீமா பாவ் பையை மட்டும் யாரிடமும் தரவில்லை.
ஷர்மி முன்னால் போனாள்,
போனைக் கற்பூரத் தட்டுபோல் ஏந்திக்கொண்டு.
முந்நூறு மீட்டர்.
நூற்றிருபது.
முப்பத்தொன்று.
நாலு.

நாலில் நின்றுவிட்டது.
நகர்ந்தால் ஏழு, திரும்பினால் ஒன்பது,
அசையாமல் நின்றாலும் ஐந்தாகிறது.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
செயற்கைக்கோள் இதுவரைக்கும்தான் துணை.
மிச்சம்
உன் கை, உன் கண், உன் முட்டிவலி.

கல் இடுக்கில் விரல் விட்டோம்.
சுவரைப் பிளந்து நின்ற ஆலங்கன்றின் வேரில்,
சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடியில்,
ஒற்றைச் செருப்புக்குள்.
கீழே சேற்றில் பூநாரைகள்
எங்களைப் போலவே
தலையைக் கவிழ்த்து எதையோ துழாவின.

"என்ன தொலைஞ்சது?"
கம்போடு வந்தார் காவலாளி.
தொலைக்காததைத் தேடுகிறோம் ஐயா என்று
இந்தியில் எனக்குச் சொல்ல வராது.
ரகசியத்தை உடைக்கவும் கூடாது.
"கம்மல்" என்றேன்.
"தங்கம்" என்றார் பேச்சிமுத்து.
அதுதான் வினையாகிவிட்டது.

கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு
நாலு கல்லூரிப் பையன்கள் மண்டியிட்டார்கள்.
குல்பிக்காரர் வண்டியை விட்டு வந்தார்.
மருதாணி மங்காத புதுப்பெண் ஒருத்தி
புருஷனின் போன் வெளிச்சத்தில்
ஒவ்வொரு புல்லாக விலக்கினாள்.
காவலாளி கம்பால் சருகைக் கிளறியபடி
ஏதோ சாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.
நான் துப்பட்டாவை இழுத்து
வலது காதை மூடிக்கொண்டேன்.
அங்கே அது
ஒரு படிக்கல் கனம் கனத்தது.

அத்தனை பேருக்கு நடுவில்
ஷர்மி மூக்கைச் சொறிந்தாள்.
கிடைத்துவிட்டது என்பதற்கு
எங்கள் ஜாடை அது.
பழைய ஃபிலிம் ரோல் டப்பி,
அவள் உள்ளங்கைக்குள்.
இனி நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.
வியர்வையில் திருகாணி அசையவில்லை.
சயன் அடகுக்கடைக்கு இரண்டு தரம் போய்
இரண்டு தரமும் திரும்பி வந்த கம்மல்,
இன்றைக்குக் காதை விட மறுத்தது.
ஃபர்ஹானா எனக்கு முன்னால் நின்று
பெரிதாக இருமினாள்.

பிறகு மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டி
உயர்த்திக் காட்டினேன்.

கைதட்டினார்கள்!
புதுப்பெண் என்னைக் கட்டிக்கொண்டாள்.
காவலாளி வாங்கிப் பார்த்து
ஊதித் துடைத்து
"திருகாணியை இறுக்கிப் போடும்மா" என்று
என் கையில் வைத்தார்.
ஒரு கணம் எனக்கே அது
தொலைந்து கிடைத்ததாகத்தான் இருந்தது.
காதில் போடும்போது கை நடுங்கியது,
வெட்கத்தில் பாதி.

பன்னிரண்டு இட்லியும்
பதினோரு பேர் வாய்க்குப் போயின.
கீமா பாவ் பையைக் கடைசியில்
ஃபர்ஹானாவும் திறந்துவிட்டாள்.
சாப்பிட்டுக்கொண்டே காவலாளியின் பேரைக் கேட்டேன்.
ஆலங்கன்றுக்குப் பின்னால் போய்
விரல் அகலத் தாளில்
எங்கள் நாலு பேருக்குக் கீழே எழுதினேன்:
தத்தாராம்.
என்னவென்று அவருக்குத் தெரியாது.

திரும்பும் ரயிலில்
அடுத்த வாரம் எங்கே என்றார் பேச்சிமுத்து.
"கன்ஹேரி" என்றாள் ஷர்மி.
"அம்மா, பையில
கவரிங் கம்மல் ஒண்ணு
எடுத்து வச்சுக்கோ."